வளைவில் கண் எங்கே இருக்க வேண்டும்?

நம் சங்க உறுப்பினர்கள் பலர் இப்போதெல்லாம் விடுமுறைக்கு ரயில் டிக்கெட்டை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. குடும்பத்தோடு சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பாலக்காடு, பொள்ளாச்சிப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களும், போடி, கம்பம், குமுளிப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களும் நம்மிடையே நிறையவே உண்டு. எல்லோரும் நகரத்துச் சாலையில் ஓட்டிப் பழகியவர்கள்தாம். ஆனால் மலைச்சாலை கேட்கும் திறமை வேறு. அதில் பெரும்பகுதி கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையிலும், ஒருமுறை பிழைத்து வந்தவன் என்ற முறையிலும் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பிழைத்த கதை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாத மாலையில் பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வழியாக ஊருக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் மனைவியும் குழந்தைகளும். போடிமெட்டை நெருங்கும்போது மூடுபனி இறங்கிவிட்டது. எனக்கு முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்குகள் மட்டும் நன்றாகத் தெரிந்தன. 'நல்ல துணை கிடைத்தது' என்று அந்த விளக்குகளையே பிடித்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டினேன். சிறிது தூரம் போனதும் விளக்குகள் இடதுபக்கம் நகர்ந்தன. நானும் ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினேன். டயருக்கு அடியில் சரளைக்கல் நெறிபட்ட சத்தம் கேட்ட பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். லாரிக்காரர் டீ குடிக்க ஓரம் கட்டியிருக்கிறார். எனக்குத் தெரியாமலே நானும் ஓரம் கட்டியிருக்கிறேன். இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கும் சரிவுக்கும் இடையே இரண்டடிகூட இல்லை.

அந்த டீக்கடையில் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் ஒருவர் நின்றிருந்தார். வயதானவர். என் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "லாரி வெளக்கப் பாத்து ஓட்டுனா லாரி போற எடத்துக்குத்தான் தம்பி போவீங்க. ரோடு எங்க போகுதுன்னு பாக்கணும். அது தெரியலைன்னா நின்னுரணும்" என்றார். "கை நல்லாத்தானே ஓட்டுச்சு அண்ணே" என்றேன் நான். "கை ஓட்டும் தம்பி. அதுதான் ஆபத்து" என்றார் அவர்.

அவர் சொன்னதன் முழுப் பொருளும் எனக்குப் பல வருடங்கள் கழித்து, பார்வை பற்றிய ஆராய்ச்சிகளைப் படித்தபோதுதான் விளங்கியது.

நேர்ச்சாலையில் நடப்பது என்ன?

முதலில் சமவெளியைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு விலகி வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். வாளையாறு வழியாகவோ, கொழிஞ்சாம்பாறைப் பக்கமாகவோ போகும்போது சாலை பெரும்பாலும் சமதளமாக, இருபுறமும் பனைமரங்களோடு நீண்டு கிடக்கும். ஓட்டும்போது அந்த மரங்களைக் கவனியுங்கள். அருகிலுள்ள மரங்கள் வேகமாகப் பின்னால் ஓடும். தொலைவிலுள்ளவை மெதுவாக விலகும். காட்சி முழுவதும் எங்கோ ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி நாலாபக்கமும் விரிவதுபோல் தோன்றும். அந்த ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நிற்கும். கண்ணை அலையவிடாமல் நேரே பார்த்துக்கொண்டு போகும்போது, நம் வண்டி எதை நோக்கிப் போகிறதோ அதுதான் அந்தப் புள்ளி.

இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் கிப்ஸன். அவர் 1938-இல் லாரன்ஸ் குரூக்ஸ் என்பவரோடு சேர்ந்து கார் ஓட்டுவதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டுகிறவர் சாலையைக் காண்பது வெறும் படமாக அல்ல, 'இதுவரை ஆபத்தில்லாமல் போகலாம்' என்ற ஒரு வெளியாகவே காண்கிறார் என்பது அவர்களுடைய கருத்து. 1950-இல் வெளிவந்த நூலில் கிப்ஸன் இந்தக் காட்சி ஓட்டத்தை விரிவாக விளக்கினார். வேகத்தையும் திசையையும் நமக்கு உணர்த்துவதில் இந்த ஓட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நேர்ச்சாலையில் ஸ்டியரிங்குக்கு வேலை மிகக் குறைவு. அங்கே ஏமாறுவது வேகத்தில்தான். நீண்ட நேரம் ஒரே வேகத்தில் போனால் காட்சி ஓட்டம் கண்ணுக்குப் பழகிப்போய், எண்பது கி.மீ. வேகமும் ஐம்பதுபோலத் தோன்றும். இதனால்தான் பிரிட்டனில் ரவுண்டானாவுக்கு முன்னால் சாலையின் குறுக்கே மஞ்சள் கோடுகளைப் போட்டு, அவற்றின் இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். வேகம் கூடிவிட்டதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கி, ஓட்டுநரின் காலைத் தானாகவே பிரேக்குக்குக் கொண்டுபோகும் உத்தி அது.

2022 அக்டோபர் 5 அன்று இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, ஊட்டிக்குச் சுற்றுலா போன பள்ளி மாணவர்களின் பேருந்து முன்னால் சென்ற அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் மாணவர்கள். சுற்றுலாப் பேருந்தின் வேகம் மணிக்கு 97 கி.மீ.க்கு மேல் இருந்ததாகப் பதிவாகியிருந்தது. அது அகலமான தேசிய நெடுஞ்சாலை. ஸ்டியரிங் பிடிப்பதற்கு எவ்விதச் சிரமமும் இல்லாத சாலையிலும் உயிர் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வளைவில் கண் எங்கே போகிறது?

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு, மறையூர் ஏறி மூணாறு போகலாம். கேரளத்தின் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியேறும் அழகான வழி இது. சமவெளி முடிந்து மலை தொடங்கியதும் கிப்ஸன் சொன்ன அசையாப் புள்ளி உதவாமல் போய்விடுகிறது. வளைவில் நாம் போக வேண்டிய இடம் வண்டியின் மூக்குக்கு நேரே இருப்பதில்லை அல்லவா?

அப்படியானால் ஓட்டுநர்கள் எதைப் பார்க்கிறார்கள்? 1994-இல் மைக்கேல் லாண்ட், டேவிட் லீ என்ற இருவரும் இதை நேரடியாகவே அளந்தார்கள். கண்ணின் அசைவைப் பதிவு செய்யும் கருவியை ஓட்டுநரின் தலையில் பொருத்தி, எடின்பரோ நகரில் ஒரு குன்றைச் சுற்றிப் போகும் வளைந்து நெளிந்த சாலையில் ஓட்டச் செய்தார்கள். வளைவுக்குள் நுழைவதற்கு ஒன்றிரண்டு நொடிகள் முன்னதாகவே ஓட்டுநரின் கண் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போய்விடுவதை அவர்கள் கண்டார்கள். வளைவின் உள்பக்க ஓரம் நமக்கு எந்த இடத்தில் மிகவும் துருத்திக்கொண்டு தெரிகிறதோ அந்த இடம்தான் அது. பள்ளிக் கணிதத்தில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தோமே, அதுபோல நம் பார்வைக்கோடு சாலையின் உள்ஓரத்தைத் தொட்டுச் செல்லும் புள்ளி. இதைத் தொடுபுள்ளி என்று சொல்லலாம்.

இந்தப் புள்ளிக்கு ஒரு சிறப்பு உண்டு. வண்டியின் நேர்த்திசைக்கும் இந்தப் புள்ளிக்கும் இடையிலுள்ள கோணமே வளைவு எவ்வளவு கூர்மையானது என்று சொல்லிவிடுகிறது. நம் கண் உள்ஓரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அந்தக் கோணம் சுமார் 11 டிகிரி. ஆரம் 25 மீட்டராகக் குறைந்தால் கோணம் ஏறக்குறைய 23 டிகிரி. ஆரம் கால்பங்கானால் கோணம் இரண்டு மடங்காகிறது. இந்தக் கணக்கை யாரும் மனத்தில் போடுவதில்லை. கழுத்தும் கண்ணும் எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்பதைக் கொண்டே கை தன் அளவை எடுத்துக்கொள்கிறது. கண் முதலில் திரும்பும். ஒரு நொடிக்குள் கை பின்தொடரும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 100 மீட்டர் ஆரத்தில் தொடுபுள்ளி நம்மிடமிருந்து சுமார் 20 மீட்டர் தூரத்தில் இருக்கும். 25 மீட்டர் ஆரத்தில் 10 மீட்டர். முதல் வளைவில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனாலும், இரண்டாவதில் 20 கி.மீ. வேகத்தில் போனாலும் அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். தொடுபுள்ளியை அல்ல, தான் கடக்கப்போகும் பாதையிலுள்ள ஓர் இடத்தையே ஓட்டுநர் பார்க்கிறார் என்று வாதிடும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஆனால் ஒன்றிரண்டு நொடி தூரம் முன்னால் பார்க்க வேண்டும் என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை.

இங்கே நம் நாட்டுக்குத் தேவையான ஓர் எச்சரிக்கை. நாம் இடதுபுறம் ஓட்டுகிறவர்கள். இடது வளைவில் உள்ஓரம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. வலது வளைவில் உள்ஓரம் என்பது எதிரே வருகிறவருடைய பக்கம். பார்க்கும் பக்கமாகவே வண்டி மெல்ல இழுத்துக்கொண்டு போகும் என்பது பரிசோதனைகளிலும் தெரிந்திருக்கிறது. ஆகவே வலது வளைவில் எதிர்ப்பக்க ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நம்மை அறியாமலே நடுக்கோட்டைத் தாண்டி வளைவை வெட்டிவிடுவோம். அங்கே நடுக்கோட்டையே உள்ஓரமாக எண்ணிக்கொள்ள வேண்டும்.

போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே முன்கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தால் வானமோ பாறையோதான் தெரியும். போக வேண்டிய பாதை பக்கக் கண்ணாடிக்கு வெளியே இருக்கும். கண்ணாடி ஓரத்துத் தூண் வேறு ஒரு ஜீப்பையே மறைத்துவிடும். தலையையும் தோளையும் அசைத்து எட்டிப் பார்ப்பது அங்கே கூச்சப்படவேண்டிய காரியமல்ல.

தூரமும் கிட்டமும்

அடுத்த ஆண்டு, அதாவது 1995-இல், லாண்ட் அவர்கள் ஜூலியா ஹார்வுட் என்பவரோடு சேர்ந்து இன்னொரு பரிசோதனை செய்தார். செயற்கைச் சாலையைத் திரையில் காட்டி, அதன் பெரும்பகுதியை மறைத்துவிட்டு ஒரு மெல்லிய பட்டை மட்டும் தெரியும்படி வைத்து ஓட்டச் சொன்னார்கள். தூரத்துப் பட்டை மட்டும் தெரிந்தபோது ஓட்டம் சீராக இருந்தது, ஆனால் வண்டி தன் தடத்தின் நடுவில் நிற்கவில்லை. கிட்டத்துப் பட்டை மட்டும் தெரிந்தபோது வண்டி தடத்தை விடவில்லை, ஆனால் ஸ்டியரிங் வெடுக் வெடுக்கென்று திரும்பியது. இரண்டு பட்டைகளையும் சேர்த்துக் காட்டியபோது முழுச் சாலையும் தெரிவதற்கு ஏறக்குறைய ஈடாக ஓட்ட முடிந்தது.

ஆக, கண்ணுக்கு இரண்டு வேலை. தூரத்துச் சாலை வரப்போவதைச் சொல்கிறது. கிட்டத்துச் சாலை நாம் இப்போது தடத்தில் எங்கே இருக்கிறோம் என்று சொல்கிறது. கிட்டத்தை நேராகப் பார்க்கவேண்டிய அவசியமில்லை, ஓரப்பார்வையே அதைக் கவனித்துக்கொள்ளும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பானட்டுக்கு முன்னாலேயே கண்ணை வைத்திருப்பதால்தான் அவர்கள் வண்டி பாம்புபோல் நெளிகிறது. "ரோடு எங்க போகுதுன்னு பாக்கணும்" என்று ஜீப் டிரைவர் சொன்னதும் இதைத்தான்.

இரவு செய்யும் ஏமாற்று

இப்போது அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். கை ஓட்டுவது எப்படி ஆபத்தாகும்?

1977-இல் லீபோவிட்ஸ், ஓவன்ஸ் என்ற இரு அறிஞர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். நம் பார்வை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, 'அது என்ன?' என்று அடையாளம் காணும் பார்வை. எழுத்தைப் படிப்பதும், கறுப்புச் சட்டைக்காரர் சாலை ஓரம் நடப்பதைக் கண்டுபிடிப்பதும் இதன் வேலை. மற்றொன்று, 'நான் எங்கே போகிறேன்?' என்று வழிகாட்டும் பார்வை. இருட்டில் முதலாவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இரண்டாவதோ பெரிதாகக் குறைவதில்லை. அதனால் இரவிலும் ஸ்டியரிங் பகலைப்போலவே சுலபமாக இருக்கிறது. அந்தச் சுலபத்தை வைத்து, 'எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது' என்று தவறாக முடிவு செய்து, பகல் வேகத்திலேயே போகிறோம். கண் மருத்துவரிடம் வெளிச்சத்தில் எழுத்து அட்டையைப் படித்து வாங்கிய சான்றிதழ் இந்த விஷயத்தில் நமக்கு உதவாது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்றும், உலர்ந்த சாலையில் ஓரளவு நல்ல பிரேக் என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நிற்க சுமார் 29 மீட்டர் வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் 53 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் 82 மீட்டர். மழையில் இன்னும் கூடும். இறக்கத்தில் அதற்கும் மேல் கூடும். தாழ்த்திய ஹெட்லைட்டில் கறுப்புத் துணி உடுத்தியவர் 50 மீட்டரில் தெரிந்தால் அதிர்ஷ்டம். வளைவிலோ வெளிச்சம் சாலையில் விழாமல் நேரே பள்ளத்தாக்குக்கு மேல் போய்விடுகிறது. கண்ணுக்கு வேண்டிய தொடுபுள்ளி இருட்டில் இருக்கிறது.

2022 டிசம்பர் 23 அன்று இரவு, சபரிமலை போய்த் திரும்பிய தேனி மாவட்டத்துப் பக்தர்களின் கார் குமுளி இறக்கத்தில், பெரியாறு மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும் ராட்சதக் குழாய்களுக்கு அருகே பள்ளத்தில் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். ஒவ்வொரு கார்த்திகை, மார்கழியிலும் ஆயிரக்கணக்கான வண்டிகள் தூக்கக் கண்ணோடு இறங்கும் சாலை அது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வண்டிகளில் இருக்கிறார்கள்.

மூடுபனி

மூடுபனியில் நிலைமை இன்னும் சிக்கல். 1998-இல் பிரிட்டனில் ஸ்னோடன் குழுவினர் செய்த சிமுலேட்டர் பரிசோதனையில், காட்சி முழுவதும் மங்கியபோது வேகம் குறைவாகத் தோன்றி, ஓட்டியவர்கள் தங்களை அறியாமல் வேகத்தைக் கூட்டினார்கள். 2012-இல் ஜெர்மனியில் செய்த பரிசோதனையோ வேறு விதமாகக் காட்டியது. உண்மையான பனிபோலக் கிட்டம் தெளிவாகவும் தூரம் மறைந்தும் இருந்தபோது வேகம் அதிகமாகத் தோன்றி, அவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: கண்ணாடியின் உள்புறம் படியும் ஆவியும் வெளிப்புற அழுக்கும் காட்சி முழுவதையும் ஒரே சீராக மங்கவைக்கின்றன. அதுதான் ஏமாற்றும் வகை. எனவே மலையேறும் முன் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைப்பது அழகுக்காக அல்ல.

மூடுபனி தூரத்துப் புள்ளியைப் பறித்துக்கொண்டு கிட்டத்தை மட்டும் விட்டுவைக்கிறது. கிட்டத்தை வைத்தே கை எப்படியோ தடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அன்று எனக்கு நேர்ந்தது அதைவிட மோசம். காணாமல் போன சாலைக்குப் பதிலாக ஒரு லாரியின் விளக்கைத் தூரத்துப் புள்ளியாக வைத்துக்கொண்டேன். கை எந்தக் குறையும் சொல்லாமல் அந்த விளக்குக்குக் கீழ்ப்படிந்தது.

ஊருக்குப் போகும்போது

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, நுழையும்போது கண்ணைத் தொடுபுள்ளிக்குக் கொண்டுபோங்கள். அந்தப் புள்ளி நம்மோடு சேர்ந்து முன்னால் நகர்ந்துகொண்டே போனால் வளைவு விரிகிறது, வழி திறக்கிறது என்று பொருள். அது நம்மை நோக்கி நெருங்கிவந்தால் வளைவு இறுகுகிறது. இன்னும் மெதுவாகப் போங்கள்.

கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே சரியான வேகம். மூடுபனியில் 15 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 20 கி.மீ. வேகமே அதிகபட்சம். அதுவும் தெரியாவிட்டால், சாலையை விட்டு முழுவதும் ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். முன்வண்டியின் விளக்கு 'அங்கே ஒரு வண்டி இருக்கிறது' என்பதற்குத்தான் அடையாளம், சாலை எங்கே போகிறது என்பதற்கு அல்ல.

எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசினால் அதைப் பார்க்காமல் இடது ஓரக் கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் இடம் குறுகலாக இருந்தால் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

இன்னொன்று அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா என்ற சாலைப் பணியாளர் 1934-இல் 'பூனைக்கண்' என்ற ஒளிதிருப்பும் பதிகல்லுக்குக் காப்புரிமை பெற்றார். ஹெட்லைட் பட்டதும் சாலையின் வளைவை முன்கூட்டியே ஒளிப்புள்ளிகளாக வரைந்து காட்டும் எளிய சாதனம் அது. இருட்டு பறித்த தூரத்துப் புள்ளியைத் திருப்பித் தருவது அதுதான். உள்ளூர்ச் சொந்தக்காரர்கள் தங்கள் மலைப்பாதையில் உடைந்த பதிகற்களையும் அழிந்த கோடுகளையும் பார்த்தால் நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதலாம். அது பெரிய தர்மம்.

அந்த ஜீப் டிரைவரை நான் மறுபடி சந்திக்கவில்லை. அன்று பனி விலக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. குழந்தைகள் இரண்டு தடவை பால் குடித்தார்கள். நானும் மூன்று டீ குடித்தேன். ஊரில் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருந்த என் தாயார், "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்று கோபித்துக்கொண்டார். பதில் சொல்ல நான் இருந்தேன். நீங்களும் தாமதமாகவே போய்ச் சேருங்கள்.